ரஹ்மத்தின் ஷாட்டும் என் வயிற்றெரிச்சலும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஸ்டுடியோவிலிருந்து கேட்டார்கள். பொறுமை, ஒற்றுமை, கூடி உழைத்தல் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பொறாமை. பழைய படங்களைச் செப்பனிடும் இந்த வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ரஹ்மத் என்கிற ஒருத்தியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அதனால் எனக்கு நஷ்டம் உண்டு, வேலைக்கு நஷ்டம் வந்ததில்லை. அந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ரஹ்மத்தும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் ஸ்டுடியோ இருக்கிற பாலக்காட்டு டவுன்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வலியங்காடி பஜாரில் ஜவுளிக்கடை. நான் வடகரப்பதியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். நான் வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழையும்போது அவள் டீ குடித்து முடித்து, பாதி வேலையையும் முடித்திருப்பாள். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லை. பெருநாள் வந்தால் முதல் பிரியாணிப் பொட்டலம் என் மேஜைக்குத்தான் வரும். அதை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே எரிந்துகொண்டிருப்பேன்.

எங்கள் முதலாளி மீனாட்சிபுரத்துக்காரர். பால் பண்ணைக் குடும்பம். சினிமா மேல் இருந்த பைத்தியத்தில் ஸ்டுடியோ ஆரம்பித்தார். தங்கமான மனிதர், ஆனால் உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் உழைப்பு என்று ஒப்புக்கொள்வார்.

அவரிடம் ஒரு படம் வந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்து விஞ்ஞானக் கதை. பறக்கும் தட்டு ஒன்று இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வந்து இறங்கும். அதிலிருந்து இறங்கியவன் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு ஒன்றில் தங்கிவிட்டு, கடைசியில் திரும்பிப் போவான். சிறு வயதில் அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கடைசிக் காட்சியைச் சொல்லிச் சிலிர்ப்பார்கள். தட்டு மெல்ல எழும்பி மூடுபனிக்குள் போகும். கீழே லயங்களின் விளக்குகள் மினுங்கும். ஒரு பெண் முதுகைக் காட்டியபடி பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான் காட்சி.

அந்தக் காலத்தில் மலையை ஒரு சுருளில் எடுப்பார்கள். தட்டைக் கறுப்புத் துணிக்கு முன்னால் தொங்கவிட்டு இன்னொரு சுருளில் எடுப்பார்கள். பிறகு இரண்டையும் மூன்றாவது சுருளில் சேர்த்துப் பிடிப்பார்கள். டைட்டிலில் ‘தந்திரக் காட்சிகள்’ என்று வருமே, அந்த வேலை இதுதான். சேர்த்துப் பிடித்த சுருள் கீறலும் பூஞ்சையுமாக நாசமாகியிருந்தது. தட்டைச் சுற்றிக் கரிக்கோடு போட்டது போல ஒரு விளிம்பு வேறு. ஆனால் எங்கள் அதிர்ஷ்டம், தனித்தனியாக எடுத்த சுருள்கள் தயாரிப்பாளர் வீட்டில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிதாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிரிவின் தலைவர் வேலையை விட்டுப் போகவிருந்தார். அவருடைய நாற்காலிக்கு ரஹ்மத் அல்லது நான். இந்தப் படத்தில் யார் கை ஓங்குகிறதோ அவருக்கு என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், சாப்பாட்டு நேரத்தில் அறை காலியாக இருக்கும்போது ஒரு தடவை உட்கார்ந்தே பார்த்துவிட்டேன்.

வேலையைப் பிரித்துக் கொடுத்த அன்று முதலாளி சொன்னார்: “சரசம்மா, தட்டு எறங்கற சீன நீங்க எடுத்துக்கங்க. கெளம்பிப் போற கடைசி சீன ரஹ்மத்தம்மா பாக்கட்டும்.”

“ஏனுங்க, ரெண்டும் ஒரே தட்டுதானுங்களே. நானே பாத்துக்கறனுங்க.”

“ஒரே மாட்டுல காலப்பாலையும் சாயங்காலப் பாலையும் ஒரே வாட்டி கறக்க முடியுமுங்களா? ஆளுக்கு ஒண்ணு பாருங்க.”

கடைசி ஷாட் அவளுக்குப் போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டே போனேன்.

ஆற்றாமையில் நான் என்ன செய்தேன் என்றால், இறங்குகிற காட்சியில் புகுந்து விளையாடினேன். கறுப்பு விளிம்பு போனது. தட்டுக்கு இருந்த லேசான நடுக்கம் போனது. தட்டு தண்ணீரில் கழுவிய பாத்திரம் போல் பளிச்சென்று இறங்கியது. பழைய படத்தில் தட்டு இறங்கும்போது தரையில் நிழல் விழாது. நான் தேயிலைச் செடிகள் மேல் வளைந்து நெளிந்து போகும்படி ஒரு நிழலும் வைத்தேன். முதலாளி அசந்துபோனார். கேன்டீனில் இருந்தவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ரஹ்மத் மட்டும் கேட்டாள்: “நெழல் பழைய படத்துல உண்டா சரசு?”

“இல்ல.”

“ஓ,” என்றாள். எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் என்னை அதிகமாகத் திட்டிய வார்த்தை அந்த ‘ஓ’தான்.

எங்கள் ஸ்டுடியோவில் யார் செய்யும் வேலையையும் யாரும் திறந்து பார்க்கலாம். மற்ற பெண்கள் டிவி சீரியல் பார்ப்பது போல நான் தினமும் ரஹ்மத்தின் ஷாட்டைப் பார்த்தேன். எங்கேயாவது சறுக்குகிறாளா என்று தேடித் தேடிப் பார்த்தேன். முதலில் அவளும் என்னைப் போலத்தான் பளபளவென்று ஒன்று செய்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், என்னுடையதைவிட அழகாக இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் திறந்தால் அதைக் காணோம். அவளே அழித்திருந்தாள்.

“ஏம்புள்ள, அத எதுக்கு அழிச்ச?” என்று கேட்டேன்.

“அழகாத்தான் இருந்துச்சு. ஆனா நான் செஞ்சதுன்னு தெரிஞ்சுச்சு,” என்றாள்.

பிறகு அவள் செய்தது வேறு வேலை. பழைய சுருளைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு, அந்தக் காலத்து மனிதர் தட்டை எங்கே மங்கலாக்கினார், எங்கே பனியில் கரைத்தார் என்று பார்த்துப் பார்த்து அதன்படியே சேர்த்தாள். கறுப்பு விளிம்பை எடுத்தாள், நடுக்கத்தை விட்டுவைத்தாள். கையால் தூக்கியது போல அந்தத் தட்டுக்கு ஒரு கனம் இருந்தது. நான் நடுக்கத்தைத் துடைத்த அன்றே என் தட்டின் கனத்தையும் துடைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தது என்பதற்காக என் நிழலை நான் எடுத்துவிடவில்லை. இத்தனை பேர் கைதட்டிய பிறகு எப்படி எடுப்பது?

அவளுடைய ஷாட்டை முதலாளி பார்த்தார். “சரி, இருக்கட்டுங்க,” என்று பாஸ் போட்டார். கைதட்டல் இல்லை. மறுநாள் சாயங்காலம் முழுப் படத்தையும் பிரதி எடுத்து, அதற்கடுத்த நாள் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். படத்தின் தந்திரக் காட்சிகளை எடுத்த பெரியவர் அங்கேதான் ஒரு எஸ்டேட் பக்கம் இருந்தார். அவர் சரி என்றால்தான் படம் தியேட்டருக்குப் போகும் என்று தயாரிப்பாளர் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையிலும் நான் என் சீரியலைப் பார்த்தேன். அப்போது கண்டுபிடித்தேன். விளக்குகளைக் காணோம்.

பழைய படத்தில் தூசு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்த ஃப்ரேமில் இருக்காது. அவற்றைத் தேடி அழிக்க ஒரு கருவி உண்டு, நீங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள். லயத்து விளக்குகளும் வெள்ளைப் புள்ளிகள்தான். பனி குறுக்கே போகப் போக மறைந்து மறைந்து தெரிகிற புள்ளிகள். கருவி அவற்றையும் தூசு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்த ரஹ்மத் மலையடிவாரத்தைக் கவனிக்கவில்லை. மலை இருட்டாகக் கிடந்தது. அங்கே மனிதர்கள் வசிக்கும் அடையாளமே இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது. அப்படியே எழுந்துபோய் முதலாளியிடம் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கலாம். அல்லது வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், மலையில் பெரியவரே கேட்கட்டும். இரண்டிலும் நாற்காலி எனக்கு. ஆனால் இரண்டிலும் எல்லோரும் அவளைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அவளுக்கு அந்தப் பரிதாபம்கூடக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். அது மட்டுமல்ல, இருட்டு மலையோடு அந்தக் காட்சி வெளியே போவதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் காட்சி எனக்குக் கிடைக்கவில்லை என்றுதானே எரிகிறேன், அதைக் கெட்டுப்போக எப்படி விடுவது?

நேராக அவளிடமே போனேன். “வெளக்கெல்லாம் எங்க போச்சு புள்ள?”

அவள் ஓடவிட்டுப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. “அல்லாவே... உனக்கு எப்பிடிடி தெரிஞ்சுது?”

“உன்ற ஷாட்ட உன்னைய விட அதிகமாப் பாத்தது நாந்தான்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

பாஸ் போட்ட ஷாட்டை மறுபடி திறக்க முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். “ஆன சீன மறுக்கா எதுக்குங்க நோண்டறீங்க? பொழுதுக்குள்ள முடியுமுங்களா?” என்று அவர் கத்தினார். கருவியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ரஹ்மத், “என் தப்புதான் சார். வெளக்கத் தூசுன்னு அழிச்சிட்டேன்,” என்றாள். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நாற்காலி என் பக்கம் ஒரு அடி நகர்ந்தது எனக்குத் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஒருத்தியால் முடிகிற வேலை இல்லை. பாதியை நான் எடுத்துக்கொண்டேன். கருவியை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து, இது விளக்கு, இது தூசு என்று கையால் பிரித்தோம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் விளக்கு. ஒரு தடவை வந்துவிட்டு ஓடினால் தூசு. இதைக் கருவியிடம் விட்டது தவறு என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு மனுஷக் கண்ணால் பார்க்காமல் விட்டதுதான் தவறு. அதுவும் உங்கள் மேல் பொறாமை உள்ள ஒருவரின் கண்ணாக இருந்தால் நல்லது, நண்பர்கள் கண்ணில் இதெல்லாம் படாது.

மறுநாள் மலைக்குக் கிளம்பினோம். ரஹ்மத் வரவில்லை. அவளுக்குக் கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளாது, முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பாள். முதலாளி கார் ஓட்ட, உடுமலை வழியாக மறையூர் ஏறிப் போனோம். எஸ்டேட் பள்ளிக்கூட ஹாலில் ஜன்னல்களுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். பெரியவர் மப்ளரும் தொப்பியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. பேச்சில் திருநெல்வேலி வாடை போகவில்லை.

“ரெண்டு பித்தளைத் தாம்பாளத்தக் கவுத்து ஒட்டுனதும்மா அந்தத் தட்டு,” என்று சிரித்தார். “படம் முடிஞ்சதும் என் பொண்டாட்டி அதுல முறுக்கு வச்சா.”

என்னுடைய காட்சி வந்தது. தட்டு இறங்க, நிழல் செடிகள் மேல் நெளிந்துகொண்டு போனது. பெரியவர் உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டினார். “அடேயப்பா! நெழலெல்லாம் விழுதே! எனக்கு அன்னைக்கு இந்த ரோசனை வரலியேம்மா. பிரமாதமாப் பண்ணிருக்கிய!” முதலாளி என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. பெரியவர் முன்னால் சாய்ந்தார். தட்டு எழும்பிப் பனிக்குள் போனது. கீழே விளக்குகள் மறைந்து மறைந்து தெரிந்தன. கம்பளிகளை விலக்கியதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இந்தச் சுருள் மட்டும் எப்படிம்மா கெடாம இருந்துச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“மத்ததெல்லாம் நீங்க செஞ்சது தெரியுது, நல்லாருக்கு. இத மட்டும் கை வைக்காம விட்டுட்டிய பாத்தியளா, அது போதும். என் கை அப்படியே இருக்கு. படத்த வெளியிடச் சொல்லுங்க.”

முதலாளி தரையைப் பார்த்தார். கை வைக்காத வேலைக்கு என்ன சமாதானம் சொல்வது என்று அவருக்குக் கூச்சம். நான் ஆடிப்போய் நின்றேன். அந்த மனிதர் தன் வேலையையே தானே பார்த்துவிட்டு, இடையில் இன்னொருத்தி வந்து போன சுவடே தெரியாமல் கேட்கிறார். நம் தொழிலில் இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. என் காலம் முழுக்க நான் உழைத்தது அந்தக் கேள்விக்காகத்தான், அது வந்தது அவளுக்கு. எனக்கு வந்தது கைதட்டல். அவருக்கு உண்மையைச் சொல்லி அந்த முகத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இறங்கும்போது முதலாளி காரில் ஆரம்பித்தார். “ரஹ்மத்தம்மா இத்தன நாளா என்னதானுங்க பண்ணுச்சு? கை வெக்கவே இல்லேன்னு பெரியவரே சொல்லிப் போட்டாரு. வெளக்க அழிச்சது ஒண்ணுதான் பண்ணுன வேலையாட்ட இருக்குது. நாற்காலி உங்களுக்குத்தானுங்க சரசம்மா. திங்கக்கெழம சொல்லிப் போடறேன்.”

ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது. நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், நாற்காலி வீடு வந்து சேர்ந்துவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த மனிதருக்குப் புரியாததால் எனக்கு வருகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே அவள் வேலை செய்வதை நான் தினமும் பார்க்க வேண்டும். அவளை ஜெயித்தேனா இல்லையா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். இல்லை, தெரியும், அதுதான் மோசம்.

சின்னாறு செக்போஸ்டில் டீ குடிக்க நிறுத்தினார். நான் லேப்டாப்பை எடுத்து கார் பானட்டின் மேல் வைத்தேன். “ஏனுங்க, இத ஒருவாட்டி பாருங்க,” என்று கடைசிக் காட்சியின் பழைய சுருளை ஓடவிட்டேன். கீறல், பூஞ்சை, கரிக்கோடு. தட்டு எது மலை எது என்றே சரியாகத் தெரியவில்லை.

“இது எந்தப் படமுங்க?” என்றார்.

“இதுதானுங்க அந்தச் சீனு. நம்மகிட்ட வர்றப்ப இப்படித்தான் இருந்துது.” பக்கத்திலேயே ரஹ்மத்தினுடையதை ஓடவிட்டேன். “இது அவ சேத்தது. எல்லாமே புதுசு. எடுத்த ஆளுக்கே தெரியலைன்னாப் பாத்துக்கங்க.”

அவர் டீ கிளாசைக் கையில் பிடித்தபடியே இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். டீ ஆறிப்போனது. “அப்படீன்னா...” என்று இழுத்தார். “நாற்காலி அவங்களுக்குத்தான் சேரும்ங்களா?”

அந்த ஒரு ‘ஆமாங்க’ வெளியே வருவதற்குள் என் டீயும் ஆறிப்போனது. சொன்னேன். ஆனால் விளக்கு என் கண்டுபிடிப்பு என்பதையும் சேர்த்தே சொன்னேன், அதை விட மாட்டேன்.

உடுமலை வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. சொல்லாமல் வைத்துக்கொள்ளலாமா என்று அப்போதும் ஒரு சபலம். நாற்காலி விஷயம் திங்கட்கிழமை எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் பெரியவர் கேட்ட கேள்வி என்னிடம் மட்டும்தான் இருந்தது, முதலாளிக்கு அதன் எடை தெரியாது. நான் சொல்லாவிட்டால் அது அவளுக்குப் போய்ச் சேரவே சேராது.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“பெரியவர் என்னடி சொன்னார்?”

“உன்ற ஷாட்டப் பாத்துப்போட்டு, இந்தச் சுருள் மட்டும் எப்பிடிக் கெடாம இருந்துச்சுன்னு கேட்டாரு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“உன்னோடதப் பாத்துட்டு என்ன சொன்னார் சரசு?”

“பிரமாதம்னாரு. கை தட்டுனாரு. அந்த நெழலப் பத்தியே பேசீட்டிருந்தாரு.”

துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரலில், கொஞ்சமும் கேலியில்லாமல் ரஹ்மத் சொன்னாள்: “அய்யோ... கை தட்டிட்டாரா? சாரமில்லடி, பரவால்ல, மனச விட்றாத. அடுத்த படத்துல பாத்துக்கலாம்.”